மலையகத்தில் பழைய அல்ஃபா ரோமியோ: அறிகுறியைப் பார்த்துப் பழுது பிடிக்கும் வழிமுறை

கொழும்பில் ஒழுங்காக ஓடிய கார் றம்பொடை ஏற்றத்தில் கரும்புகை கக்குகிறது. நுவரெலியா ரவுனுக்குள் வந்ததும் ஐடிலில் நிற்க மாட்டேன் என்கிறது. கராஜ் பாஸ் கம்பிரஷன் மீற்றரை வைத்துப் பார்த்துவிட்டு "ரிங் போயிட்டுது" என்கிறார், அதாவது பிஸ்டன் வளையம் தேய்ந்துவிட்டதாம். ஹெட் கழற்றப்படுகிறது. பல இலட்சம் செலவான பிறகும் கார் அதே புகையோடுதான் வெளியே வருகிறது. அந்தக் காருக்குத் தேவைப்பட்டது பெரும்பாலும் கட்டைவிரல் நகத்தளவு பித்தளை ஜெட் (காபரேட்டரில் பெற்றோலை அளந்து விடும் துளைத் திருகு) நான்கு மட்டுமே.

இங்கே சொல்வது 1963இல் வெளிவந்த ஜூலியா ஸ்பிரின்ட் ஜி.டி.யிலிருந்து 1750, 2000 ஜி.டி.வி. வரையான 105 வரிசைக் கூபே கார்களுக்கும், அதே என்ஜின் பூட்டிய ஸ்பைடருக்கும் பொருந்தும். கூபேயின் உடல் பெர்தோனே பட்டறையில் ஜோர்ஜெத்தோ ஜியூஜாரோ இளவயதில் வரைந்தது. என்ஜின் 1290, 1570, 1779, 1962 சி.சி. என நான்கு அளவுகளில் வந்தது. நான்கிலும் அமைப்பு ஒன்றுதான்: அலுமினிய புளொக், அலுமினிய ஹெட், தண்ணீரில் நிற்கும் லைனர் (பிஸ்டன் ஓடும் உருளை உறை), சங்கிலியால் சுழலும் இரட்டைக் கேம்ஷாஃப்ட். சில கார்களில் சோலெக்ஸ் அல்லது டெல்லோர்ட்டோ காபரேட்டர் இருக்கும். இங்குள்ள ஜெட் கணக்கு வெபர் 40 டி.சி.ஓ.இ. வகைக் காபரேட்டர் சோடிக்கானது.

எதையும் கழற்றுமுன் உயரக் கணக்கு

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் உள்ளதில் ஏறத்தாழ 80 சதவீதம். குளிர் கொஞ்சம் ஈடுசெய்தாலும் காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைந்துதான் போகிறது. ஆகவே கீழ்க்கண்டவை மலையில் பழுது அல்ல, இயல்பு.

கம்பிரஷன் மீற்றர் கொழும்பில் 11 பார் காட்டிய என்ஜின் நுவரெலியாவில் 8.8 பார் அளவில்தான் காட்டும். அந்த எண்ணை வைத்து ரிங்கைக் குற்றஞ்சொல்லக் கூடாது. சிலிண்டருக்குச் சிலிண்டர் வேறுபாட்டைப் பாருங்கள்: நான்கும் ஒன்றுக்கொன்று 1 பாருக்குள் இருந்தால் என்ஜினின் அடிப்பாகத்தைத் தொட வேண்டாம். அளக்கும்போது நான்கு பிளக்கும் கழற்றியிருக்க வேண்டும், எக்ஸிலரேட்டர் முழுதும் மிதிபட்டிருக்க வேண்டும், என்ஜின் சூடாக இருக்க வேண்டும். எக்ஸிலரேட்டரை மிதிக்காமல் அளந்து பயந்தவர்கள் நிறையப் பேர்.

பிரேக் பூஸ்டரும் வெளிக்காற்றின் அழுத்தத்தை வைத்தே உதவுகிறது. அதனால் மேலே பெடல் சற்றுக் கனக்கும். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு கீழே போகலாம்.

ஏற்றத்தில் இழுவை இல்லை, கரும்புகை, பிளக் கறுத்துப் புகைக்கரி பிடித்திருக்கிறது

கம்பளையில் சரியாக இருந்து, புசல்லாவ தாண்டியபின் கூடிக்கொண்டே போனால் காரணம் உயரம்தான். காற்று மெலிந்தாலும் காபரேட்டர் பெற்றோலை அதே விகிதத்தில் குறைக்காது. நுவரெலியா உயரத்தில் கலவை சுமார் 9 சதவீதம் செறிவாகிவிடும். கம்பளையிலேயே புகைத்தால் அது உயரம் அல்ல. மிதவை மட்டம் அல்லது ஊசி வால்வு (காபரேட்டருக்குள் பெற்றோல் மட்டத்தைக் காப்பவை). அதை முதலில் முடியுங்கள்.

1. பெற்றோல் அழுத்தம். டி.சி.ஓ.இ. 0.2 பார் அளவையே விரும்பும். யாராவது பழைய பம்ப்பை எடுத்துவிட்டு ஜப்பான் காரின் மின்பம்ப் பூட்டியிருந்தால் ஊசி வால்வு அதைத் தாங்காது, பெற்றோல் வழியும். ஒன்று ரெகுலேட்டர் போடுங்கள், அல்லது மூல பம்ப்புக்கே திரும்புங்கள்.

2. மிதவை மட்டம். மேல்மூடியைக் கழற்றி, மிதவை கீழே தொங்கும்படி செங்குத்தாகப் பிடியுங்கள். மிதவையின் நாக்கு ஊசி வால்வின் குண்டை மெல்லத் தொட வேண்டும், உள்ளே அழுத்தக் கூடாது. அந்த நிலையில் கேஸ்கட்டின் முகத்திலிருந்து பித்தளை மிதவை வரை 8.5 மி.மீ. முழுதாகத் தொங்கும்போது 15 மி.மீ. பிளாஸ்டிக் மிதவைக்கு இந்த அளவு பொருந்தாது. மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெற்றோல் சலசலத்தால் ஈயம் வைத்து ஒட்டுவதில் பயனில்லை. எடை கூடி மட்டம் மாறிவிடும். புதிது வாங்குங்கள்.

3. ஜெட். ஜெட்டில் கொத்தியிருக்கும் எண் துளையின் விட்டம், மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்காக: 130 என்றால் 1.30 மி.மீ. 130ஐ எடுத்து 125 போட்டால் துளையின் பரப்பு ஏழரை சதவீதம் குறையும். நுவரெலியா, நானுஓயா, அம்பேவளைப் பக்கம் நிரந்தரமாக வைத்திருக்கும் காருக்கு இது போதும். ஹட்டன், பண்டாரவளை உயரத்தில் பாதி வேலைதான் இருக்கிறது. அங்கே ஐடில் ஜெட்டை மட்டும் மாற்றிப் பார்த்துவிட்டு பிரதான ஜெட்டை யோசியுங்கள். வென்சூரியை (காபரேட்டர் வாயின் ஒடுங்கிய உள்வளையம்) மாற்றத் தேவையே இல்லை.

4. ஐடில் ஜெட்தான் மலைநாட்டில் கூடுதல் வேலை செய்கிறது. வளைவு, லொறிக்குப் பின்னால் ஊர்தல், பாதி எக்ஸிலரேட்டர் எல்லாம் ஐடில் ஜெட்டிலும் அதையடுத்த இடைநிலைத் துளைகளிலுமே ஓடும். எண்ணுக்குப் பின்னால் வரும் எஃப் குறி காற்றுத் துளையைக் குறிக்கும். எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் தவறிப்போகும், இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

5. கலவைத் திருகு. மெல்ல உள்ளே திருகி முட்டவிட்டு, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்குங்கள். முட்டும் இடத்தில் இறுக்கினால் ஊசிமுனை நசுங்கும். அதன்பின் அந்த சிலிண்டர் எந்தத் திருகலுக்கும் பணியாது. ஒவ்வொன்றாக, என்ஜின் வேகம் உச்சமாகும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு முன் இரண்டு காபரேட்டரின் காற்றோட்டமும் சமமாக இருக்க வேண்டும். அளவி இல்லாவிட்டால் ஒரு முழ நீள றப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் காபரேட்டர் வாயிலும் வைத்து இரைச்சலை ஒப்பிடலாம். பழகிய காதுக்கு அது போதும்.

ஜெட் மாற்றக் காபரேட்டரைக் கழற்ற வேண்டியதில்லை. மேலே உள்ள வட்ட மூடியின் திருகைக் கையால் தளர்த்தினால் எல்லாம் கண்ணெதிரே இருக்கும். எனவே இரண்டு தொகுதி ஜெட் வைத்துக்கொள்வதே புத்தி. மலை ஜெட்டோடு கொழும்புக்கு இறங்கி அதிவேக வீதியில் ஓட்டினால் கலவை மெலிந்து பிஸ்டன் சூடேறும். புகைக்கரி பிளக்கை மட்டும் கெடுக்கும், மெலிந்த கலவை என்ஜினையே கெடுக்கும். ஏப்ரல் வசந்தகாலத்தில் மகாகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயத்துக்கு வருவோர் ஜெட் பெட்டியோடு வருவது இதற்காகத்தான்.

இக்னிஷனையும் அதே கையோடு பாருங்கள். முன் கப்பியில் மூன்று குறி உண்டு: பி மேல் நிலை, எஃப் நிலையான அட்வான்ஸ், எம் உச்ச அட்வான்ஸ். பழைய டிஸ்ட்ரிபியூட்டரின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்பதால் எஃப் குறியில் சரியாக வைத்தாலும் உயர் சுற்றில் எம் தாண்டிவிடும். ஸ்ட்ரோப் விளக்கு வைத்து, 5,000 சுற்றில் எம் குறியில் நிற்கும்படி அமையுங்கள். ஐடிலில் எஃப் ஒன்றிரண்டு பாகை விலகினால் பரவாயில்லை.

பெற்றோல் பற்றி ஒரு வரி: ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002இல் நின்றது. இந்த ஹெட் அலுமினியம் என்பதால் வால்வு இருக்கைகள் தனியே பதித்த கடின உலோகம். ஈயத்துக்கு மாற்று என்று விற்கும் போத்தல்களுக்குக் காசு கொடுக்க வேண்டாம். மேலே 92 ஒக்டேன் போதும். கீழே இறங்கும் நாளில் 95.

ஐடில் ஏறி இறங்குகிறது. எக்ஸிலரேட்டரைத் தொட்டால் ஒரு கணம் செத்துப் பிழைக்கிறது

ஜெட் சரியாக இருந்தும் இப்படிச் செய்தால் காபரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள றப்பர் மவுண்டைச் சந்தேகியுங்கள். இரண்டு உலோகத் தகட்டுக்கு நடுவே றப்பரை ஒட்டிச் செய்தது அது. மேலே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பிளந்திருக்கும். காபரேட்டர் முனையைக் கையால் மெல்லத் தூக்கி இறக்கும்போது ஐடில் மாறினால் தீர்ப்பு அதுவே. ஐடிலில் தண்ணீரை மென்துவலாக அடித்தும் பார்க்கலாம். வெடிப்பு தண்ணீரை உறிஞ்சினால் என்ஜின் சத்தம் மாறும். பெற்றோலை அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. கீழேயே டிஸ்ட்ரிபியூட்டர் பொறி இருக்கிறது, அந்த வேலை வேண்டாம்.

நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். காபரேட்டரைக் கீழிருந்து தாங்கும் பட்டை காணாமல் போயிருந்தால் அதை முதலில் செய்து பூட்டுங்கள். அது இல்லாவிட்டால் தோட்டப் பாதைகளின் குலுக்கலில் புதிய மவுண்டும் விரைவில் பிளக்கும். சைக்கிள் டியூப் வெட்டிச் சுற்றிக் கட்டுவது வீடு போய்ச் சேர மட்டும்.

மவுண்ட் நல்லது, ஒரே சிலிண்டர் மட்டும் விட்டு விட்டு அடிக்கிறது என்றால் அந்த ஐடில் ஜெட்டில் தூசி. கழற்றி வாயால் ஊதாதீர்கள், காற்றுக் குழாயால் ஊதுங்கள். கம்பி நுழைத்தால் துளை பெருத்துவிடும். அடிக்கடி அடைத்தால் பெற்றோல் டாங்கியின் உள்ளே துரு. கண்ணாடிக் கிண்ண வடிகட்டியின் அடியில் செம்மண் போலப் படிந்திருக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு சிலிண்டர் சோர்ந்தால் வால்வு இடைவெளி. குளிர்ந்த என்ஜினில் ஃபீலர் கேஜால் எட்டையும் அளந்து எழுதி, உங்கள் என்ஜின் வகைக்கான கையேட்டோடு ஒப்பிடுங்கள். திருத்த வேண்டுமானால் கேம்ஷாஃப்டைத் தூக்கி, பக்கெட்டுக்குக் கீழே உள்ள சிம்மை மாற்ற வேண்டும். எக்ஸ்ஸோஸ்ட் வால்வு காலப்போக்கில் இருக்கையில் இறங்கி இடைவெளி சுருங்கும். கொஞ்சம் டிக்டிக் சத்தம் இருந்தால் கவலை வேண்டாம். சத்தமே இல்லாமல் போனால்தான் வால்வு கருகுகிறதா என்று பார்க்க வேண்டும்.

விடியற்காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை

சனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் புல்மேல் உறைபனி விழும் காலைகள் உண்டு. டி.சி.ஓ.இ.யின் சோக் தட்டுப் போட்டு மூடுவதல்ல, தனிப் பெற்றோல் வழி. எக்ஸிலரேட்டர் மூடியிருந்தால்தான் அது உறிஞ்சும். ஆகவே இரண்டு முறை முழுதாக மிதித்து விடுங்கள், சோக்கை இழுங்கள், காலை எடுத்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். மிதித்துக்கொண்டே ஸ்டார்ட் அடித்தால் சோக் இருந்தும் இல்லாத கதை.

மூடுபனி நாளில் மட்டும் மறுத்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும் உயர் அழுத்த வயர்களும். இருட்டில் பொனட்டைத் திறந்து என்ஜினை ஓடவிட்டால் நீலப் பொறி எங்கே தாவுகிறது என்று தெரியும். மூடியின் உள்ளே பென்சில் கோடு போன்ற கருந்தடம் இருந்தால் துடைத்துப் பயனில்லை. பிளட்டினம் பொயின்ட் இடைவெளி 0.4 மி.மீ. அளவில் இருக்கட்டும். இந்தக் காரில் செய்யும் நவீன மாற்றங்களில் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்யக்கூடியது எலெக்ட்ரானிக் இக்னிஷன் ஒன்றுதான். மூல டிஸ்ட்ரிபியூட்டரையும் பத்திரப்படுத்துங்கள்.

கொதிக்கிறது, தண்ணீர் குறைகிறது, ஒயில் மூடியில் வெண்ணெய்

வெண்ணெய் போன்ற மஞ்சள் நுரையைப் பார்த்ததும் ஹெட் கேஸ்கட் என்று முடிவு கட்டாதீர்கள். பனிமூட்டத்தில் கடைக்குப் போய்வருவது போன்ற குறுந்தூர ஓட்டம் மட்டும் ஓடும் என்ஜினில் ஈரம் ஒடுங்கி மூடியில் நுரை கட்டும். டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். அதில் ஒயில் சுத்தமாக இருந்தால், காரை நானுஓயாவிலிருந்து தலவாக்கலை வரை ஒரு முறை முழுச் சூட்டில் ஓட்டிவிட்டு மூடியைத் துடைத்து மறுபடி பாருங்கள். டிப்ஸ்டிக்கிலும் பால் கலந்த நிறம் என்றால்தான் விஷயம் பெரிது.

கொதித்தலுக்கு முதலில் ரேடியேட்டர் மூடி. இதற்குரியது 0.7 பார் மூடி. நுவரெலியாவில் அது சரியாக அடைத்தால் தண்ணீர் 110 பாகை தாண்டித்தான் கொதிக்கும். வாஷர் காய்ந்த மூடியோடு 94 பாகையிலேயே பொங்கும். மீற்றர் முள் நடுவில் நிற்கிறது, ஆனால் ஆவி பறக்கிறது என்ற புதிருக்கு விடை இதுதான். அடுத்து தெர்மோஸ்டாட்: வெந்நீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டால் 80 சொச்சம் பாகையில் திறக்க வேண்டும். குளிர் நாட்டுக்கு எதற்கு என்று அதைக் கழற்றி எறிவது இங்கே பரவலான பழக்கம். காலையில் என்ஜின் சூடேறாமல் சிலிண்டர் தேய்வதற்கு அதுவே வழி.

ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். மேல் பாதி சுட்டு, கீழே திட்டுத் திட்டாகக் குளிர்ந்திருந்தால் குழாய்கள் அடைத்துவிட்டன. பித்தளை ரேடியேட்டர் என்பதால் தொட்டிகளைக் கழற்றிக் கம்பி விட்டுச் சுத்தப்படுத்தவோ புதிய உள்ளகம் போடவோ முடியும். அதற்காக அலுமினிய ரேடியேட்டர் வாங்கவேண்டிய அவசியமில்லை. தண்ணீர்ப் பம்ப்பின் அடியில் சிறு துளை உண்டு. அதிலிருந்து சொட்டினால் சீல் போனது. அந்தத் துளையை எம்-சீல் பசை வைத்து அடைத்த கைங்கரியத்தையும் காணலாம். அடைத்தால் தண்ணீர் பெயரிங்குக்குள் போகும்.

பீலித் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் தனியே ஊற்றாதீர்கள். அலுமினிய ஹெட்டின் தண்ணீர் வழிகளை அரிக்கும். அலுமினியத்துக்கு ஏற்ற கூலண்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி. இரண்டு வருடத்துக்கொருமுறை மாற்றம்.

இவை எல்லாம் சரி, இன்னும் தண்ணீர் குறைகிறது, குளிர்ந்த என்ஜினை ஓடவிட்டதும் ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வருகிறது என்றால் ஹெட் இறங்கத்தான் வேண்டும். அதில் மூன்று இடத்தில் வேலை கெடும்.

ஒன்று, லைனர். ஹெட் கழன்றபின் கிராங்கைத் திருப்பினால் பிஸ்டனோடு லைனரும் எழும்பி, அடியில் உள்ள றப்பர் வளையம் இடம் மாறும். பிறகு சம்ப்புக்குள் (அடியிலுள்ள ஒயில் தொட்டி) தண்ணீர் இறங்கும். குழாய்த் துண்டும் வாஷரும் நட்டும் வைத்து நான்கு லைனரையும் அமர்த்திக் கட்டிய பிறகே எதையும் திருப்புங்கள். லைனரின் விளிம்பு புளொக்கின் முகத்துக்குச் சமமாகவோ, அதிகபட்சம் 0.06 மி.மீ. உயர்ந்தோ இருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் எந்தக் கேஸ்கட்டும் நிற்காது.

இரண்டு, கேஸ்கட்டோடு வரும் ஆறு சிறிய றப்பர் வளையங்கள். ஒயில் ஹெட்டுக்கு ஏறி இறங்கும் துளைகளைச் சுற்றி அமர்பவை. ஒயில் தண்ணீரில் கலப்பதும் ஹெட்டின் ஓரம் ஒயில் கசிவதும் பெரும்பாலும் இவற்றால்தான். மலிவு கேஸ்கட் செட்டில் வருவதை எறிந்துவிட்டு, வெப்பம் தாங்கும் விட்டோன் வளையம் தனியே வாங்குங்கள்.

மூன்று, ஹெட்டை மட்டப்படுத்துதல். கண்டியிலோ கொழும்பிலோ நல்ல மெஷின் கடைக்குக் கொடுக்கும்போது "குறைந்தபட்சம் மட்டும்" என்று எழுதியே கொடுங்கள். நிறைய அறுத்தால் கம்பிரஷன் ஏறும், சங்கிலி தளரும், வால்வு பிஸ்டனை நெருங்கும். பூட்டியபின் சூடாக்கி ஆறவிட்டு, ஒருமுறை மறுஇறுக்கம் செய்ய வேண்டும். சங்கிலி இழுவையும் அப்போதே: முன்னால் உள்ள டென்ஷனர் போல்ட்டைத் தளர்த்தி, என்ஜினைக் கையால் சுற்றினால் ஸ்பிரிங் தானே தளர்வை வாங்கிக்கொள்ளும், பிறகு போல்ட்டை அளவாக இறுக்குங்கள்.

ஓடும் சூட்டில் ஒயில் அழுத்தம் 3.5 முதல் 5 பார் வரை நிற்க வேண்டும். ஐடிலில் 1 பாருக்குச் சற்றுக் கீழே இறங்குவதைக் கண்டு பதற வேண்டாம்.

இறக்கத்தில் நீலப் புகை

கினிகத்தேனைக் கணவாயில் கியரில் வைத்து, எக்ஸிலரேட்டரை விட்டு இறங்கி, கீழே மறுபடி மிதிக்கும்போது ஒரு மேகம் நீலமாக வெளிவந்தால் வால்வு கைட் (வால்வுத் தண்டு ஓடும் குழல்). மூடிய எக்ஸிலரேட்டரில் உள்ளிழுப்பு கூடி, தேய்ந்த கைட் வழியே ஒயிலை உறிஞ்சுகிறது. ஏறும்போது விடாமல் புகைத்தால் ரிங். கைட்டுக்கு ஹெட் வேலை போதும், அடிப்பாகத்தைக் கிளறாதீர்கள்.

பிரேக் பெடல் இறங்குகிறது. ஒரு பக்கம் இழுக்கிறது

இங்கே தாமதம் கூடாது. பெரகலையிலிருந்து கீழே இறங்கும் நீண்ட வளைவுகளிலோ ரதல்ல குறுக்குப் பாதையிலோ பெடல் பஞ்சு போலானால் திரவம் கொதிக்கிறது. டொட் 4 திரவம் புதிதாக 230 பாகை தாங்கும். ஈரம் உறிஞ்சியபின் அதே திரவம் 155க்கு இறங்கிவிடும். டொட் 3 என்றால் 140. மூடுபனி நாட்டில் ஈரம் ஏறச் சொல்லவே வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும், முழுதும் மாற்றுங்கள். ஒரு லீற்றர் வாங்கினால் கழுவி ஊற்றவும் போதும்.

நிறுத்தி ஆறவிட்டதும் பெடல் பழையபடி ஆனால் கொதிப்பு. ஆறியபின்னும் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர். நம்முடைய வலப்பக்க ஸ்டியரிங் கார்களில் பெடல் தரையில் கீல் கொண்டது. மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில், சேறு அடிக்கும் இடத்தில் இருக்கிறது. தூசி றப்பர் கிழிந்தால் உள்ளே துரு. குழிவிழுந்த சிலிண்டருக்கு றப்பர் செட் மட்டும் மாற்றுவது சில வாரத்துக்குத்தான். எவர்சில்வர் உறை பதிப்பிக்கலாம், அல்லது புதிது. அதைப் பார்க்கும் வேளையில் தரையடியில் ஓடும் இரும்புக் குழாய்களைச் சுரண்டிப் பாருங்கள்; நகத்துக்குச் செதில் வந்தால் செம்பு-நிக்கல் குழாயாக மாற்றுங்கள். வெறும் செம்பு வேண்டாம்.

ஒரு பக்கம் இழுத்தால், இழுக்கும் பக்கத்தைவிட எதிர்ப் பக்கத்தைச் சோதியுங்கள். அங்கேதான் கலிப்பர் பிஸ்டன் இறுகியிருக்கும். ஓடிவிட்டு நான்கு சில்லுக்கும் கை காட்டிப் பாருங்கள்: அதிகம் சுடுவது விடாத பிரேக், குளிர்ந்தது பிடிக்காத பிரேக். பழைய றப்பர் ஹோஸ் உள்ளே வீங்கித் திரவத்தைத் திரும்ப விடாமல் தடுப்பதும் இதே அறிகுறி தரும். ஹோஸ் ஆறு வருடம் தாண்டினால் கேள்வியே இல்லை.

அட்டே நிறுவனத்தின் பிரேக் உள்ள கார்களில் பின் டிஸ்க்கின் நடுவே கைபிரேக்குக்கான சிறு டிரம் ஒளிந்திருக்கும். கைபிரேக் மலையில் நிற்காவிட்டால் கேபிளை மட்டும் இழுத்துக் கட்டாதீர்கள். டிஸ்க்கைக் கழற்றி உள்ளே சூவைச் சரிசெய்துவிட்டுப் பிறகு கேபிள்.

முன் டிஸ்க்கைப் பெரிதாக்க வேண்டுமா? நல்ல திரவம், நல்ல பாட், புதிய ஹோஸ் மூன்றும் இருந்தால் இந்த எடைக்கு மூல பிரேக் தாராளம். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

இரண்டாம் கியர் கரகரக்கிறது. கிளட்ச்சை விட்டதும் அடியில் தட்டல்

105 கியர்பொக்ஸின் நோஞ்சான் பிள்ளை இரண்டாம் கியர் சின்குரோ (கியர் மாற்றும்போது பற்சக்கரங்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் வளையம்). ஆனாலும் முதலில் கிளட்ச்சைச் சோதியுங்கள்: ஐடிலில் கிளட்ச்சை மிதித்து மூன்று விநாடி பொறுத்து றிவேர்ஸ் போடுங்கள். றிவேர்ஸ் கரகரத்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை, கியர்பொக்ஸ் நிரபராதி. அடுத்தது ஒயில். உள்ளே 1.85 லீற்றர் ஜி.எல்.4 வகை 80டபிள்யூ-90. கடையில் எளிதாகக் கிடைக்கும் ஜி.எல்.5 டிஃபரென்ஷியலுக்கு நல்லது, 1.4 லீற்றர்; கியர்பொக்ஸில் ஊற்றினால் சின்குரோ வளையம் வழுக்கும். இரண்டும் சரியாக இருந்தும் காலைக் குளிரில் மட்டும் கரகரத்தால் முதல் சில கிலோமீற்றர் நியூட்ரலில் ஒரு கணம் நிறுத்தி மாற்றுங்கள். சூடேறியும் கரகரத்தால்தான் கியர்பொக்ஸ் இறங்க வேண்டும்.

தட்டல் என்றால் கியர்பொக்ஸுக்குப் பின்னால் உள்ள றப்பர் இணைப்பு. உலகம் அதைக் கியூபோ என்கிறது. அந்தோனியோ போஸ்கி என்ற இத்தாலியப் பொறியியலாளர் பெயரில் வந்த 'ஜியுன்தோ போஸ்கி'யின் சுருக்கம். போல்ட் துளைகளுக்கு நடுவே வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள். புதியது இரும்புப் பட்டையால் இறுக்கிக் கட்டப்பட்டு வரும். போல்ட் எல்லாம் பூட்டிய பிறகே பட்டையை வெட்டுங்கள். முன்பே வெட்டினால் துளைகள் ஒத்துவராது. சாஃப்டைக் கழற்றுமுன் இரு பக்கமும் வெள்ளைப் பெயின்ட்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள், திரும்பப் பூட்டும்போது அதே நிலை வராவிட்டால் அதிரும். நடுப் பெயரிங்கின் றப்பர் கிழிந்திருந்தால் அதையும் இதே வேளையில்.

லைட் மங்கல், பற்றரி இறங்குகிறது

பற்றரி ஓய்வில் 12.6 வோல்ட், ஓடும்போது 13.8 முதல் 14.4. இது சரியாக இருந்தும் லைட் மஞ்சளாக எரிந்தால் பியூஸ் பெட்டியின் முனைகளில் பச்சைப் பாசி. பியூஸைத் திருகித் திருகித் துடைத்து, என்ஜினுக்கும் உடலுக்கும் இடையிலான பின்னல் வயரைப் புதிதாக்குங்கள். ஹெட்லைட்டுக்கு இரண்டு ரிலே போட்டால் பழைய சுவிட்சும் பிழைக்கும், பனிமூட்டத்தில் பாதையும் தெரியும்.

கால் நனைகிறது; கதவு திறந்தால் தாழ்கிறது

எல்லாவற்றையும்விடப் பணத்தைத் தின்பது இதுதான். கதவைத் திறந்து காரை ஜாக்கில் தூக்குங்கள். கதவுக்கும் பின்தூணுக்கும் இடைவெளி மாறினால் உடலின் முதுகெலும்பு போய்விட்டது. சில் பகுதி (கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற விளிம்பு) மூன்று தகட்டு அடுக்கு. வெளித்தகட்டில் புட்டி பூசிப் பளபளக்க வைத்திருப்பார்கள். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி ஓட்டினால் பிடிக்காத இடம் காட்டிக்கொடுக்கும். அடுத்து ஸ்பெயார் சில்லுக் குழி, ரேடியேட்டருக்கு அடியில் உள்ள குறுக்குத் தகடு, ஜாக் வைக்கும் இடம், கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுப் பள்ளத்தின் வடிகால். கால் நனைவது பெரும்பாலும் இந்த வடிகாலில் சவுக்கு இலை அடைத்ததால்.

சில் பகுதியை வெட்டுமுன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாயை வெல்டிங் செய்து கட்ட வேண்டும். ஒரு பக்கம் முழுதும் முடிந்து, கதவு பூட்டிச் சரிபார்த்த பிறகே மறுபக்கம். தகடு 1 மி.மீ., மிக் வெல்டிங் கம்பி 0.6 மி.மீ. காஸ் வெல்டிங்கில் தகடு நெளியும். உள் தகடு அழுகியிருக்க வெளித்தகட்டை மட்டும் ஒட்டும் டிங்கர் வேலைக்கு அடுத்த மழையில் பதில் கிடைக்கும். முடிந்ததும் உட்பள்ளங்களில் மெழுகு அடியுங்கள், வடிகாலை மெழுகால் மூடிவிடாமல்.

பெயின்ட்டுக்கு நாள் பார்க்க வேண்டும். ஈரக் காற்றில் அடித்தால் மேல்பூச்சு வெள்ளை பூக்கும். நுவரெலியா, ஹட்டன் பக்கம் பெப்ரவரி, மார்ச். ஊவாப் பக்கம், பண்டாரவளை, வெலிமடை என்றால் யூன் முதல் ஓகஸ்ட் வரை. காலை பத்து மணிக்கு முன் துவக்குவதில்லை, பிற்பகல் மூட்டம் இறங்குமுன் முடித்துவிடுவது.

எல்லாம் சரி, ஆனால் மூன்றாம் கியர் ஏற்றம் தாங்கவில்லை

அடர்த்தி குறைந்த காற்றில் போன சக்தியை ஜெட்டால் திருப்பித் தர முடியாது. கலவையைத்தான் சரிசெய்கிறது. காரை மலையிலேயே வைத்திருப்பவர் என்ஜினைப் பெருக்குவதைவிட டிஃபரென்ஷியல் விகிதத்தைப் பார்ப்பது மலிவு. 1750, 2000 கார்களில் 41க்கு 10 பல், அதாவது 4.1. 1600 (1570 சி.சி.) காரில் இருந்தது 41க்கு 9, அதாவது 4.56; அதைப் பூட்டலாம். ஐந்தாம் கியர் 0.79 என்பதால் சமதரையிலும் பெரிதாக அலறாது. டிஃபரென்ஷியலின் இரு பற்சக்கரங்களான கிரௌனும் பினியனும் சோடியாகவே வாங்க வேண்டும். அச்சுக்கூடு ஒத்துப்போகிறதா என்று அளந்த பிறகே காசு கொடுங்கள். கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தனியே கிடைக்கும் பினியனை இன்னொரு கிரௌனோடு சேர்த்தால் ஊளையிடும். வேகமானிக் கேபிள் கியர்பொக்ஸிலிருந்து வருவதால் மாற்றியபின் முள் 11 சதவீதம் கூட்டிக் காட்டும், 50 கி.மீ. வேகத்தில் போகும்போது 55 என்று நிற்கும்.